விடிவெள்ளிக்கு வைத்த புதுப் பெயர்

ஸ்கர்ஹேவன்
5 பிப்ரவரி 2019, செவ்வாய்

கேவினுக்கு,

உன் அண்ணி எல்ஸ்பெத் எழுதுவது. நேற்றிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. ஃபோனில் உனக்குப் பேச்சு வரும், எனக்கு வராது. நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் நீ ஒன்பது சொல்லி முடித்துவிடுவாய். காகிதம் குறுக்கே பேசாது. பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே. பதினான்கு வயதில் மீன் வெட்டப் போனவள் நான்.

உன் பீர் ஆலையின் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆறு வருஷம் அங்கே பீப்பாய் கழுவினேன். காய்ச்சல் வந்த நாளிலும் போனேன். இனி வரமாட்டேன்.

நேற்று லாரியில் புது டின்கள் வந்து இறங்கின. இவான்தான் முதல் பெட்டியைக் கிழித்தான். கிழித்தவன் அசையாமல் நின்றான். பிறகு பெட்டியை விட்டுவிட்டுப் போய்த் தொட்டியின் இரும்புக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நாற்பது வயது ஆள்.

"என்னடா?" என்றேன்.

"நீங்க பாக்காதீங்க அக்கா. வீட்டுக்குப் போங்க."

பார்த்தேன். 'விடிவெள்ளி' என்ற பேர் இல்லை. அதே பேர் கொண்ட உன் அண்ணனின் படகுப் படமும் இல்லை. அது இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக, தட்டை மூக்கும் சுருண்ட வாலுமாக அந்தப் பிராணி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் பேரை நான் எழுதமாட்டேன். கடலுக்குப் போகிறவர்களுக்கு ஆகாது என்று இந்த ஊரில் அதை யாரும் வாயால் சொல்வதில்லை, காதிலோ கண்ணிலோ பட்டால் கெடுதல் கழிய இரும்பைப் பிடித்துக்கொள்வோம் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டாம். தொழிலுக்குப் போகும் வழியில் எவனோ சொன்னான் என்று உன் அப்பா பாதித் தெருவில் திரும்பி வந்து, அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நீ அந்த வீட்டுப் பிள்ளை.

பேரை மாற்றச் சொல்லி வேறு ஊர் ஆலைக்காரர்கள் வக்கீல் கடிதம் அனுப்பியது எனக்குத் தெரியும். விடிவெள்ளி என்ற பேர் அவர்களுடையதாம். சரி, மாற்று. அதற்கு அழுதேன், உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உன் அண்ணனைக் கடல் திருப்பிக் கொடுக்கவில்லை. புதைக்க உடல்கூட இல்லை. கடைக்குப் போனால் அலமாரியில் அவர் படகு வரிசையாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு வருவேன். அதுவும் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் இது எதற்கு? நாயைப் போடு. கொக்கைப் போடு. உன் முகத்தையே போடு.

ஃபின்லே இப்போது கொக்கி ஜேம்ஸின் படகில் போகிறான். எனக்கு இருக்கும் பிள்ளை அவன் ஒருத்தன். உன் ஆலை வாசலைத் தாண்டித்தான் அவன் படகுக்குப் போக வேண்டும். அங்கே நீ அதை அடுக்கி வைத்திருக்கிறாய். மாற்றிவிடு கேவின்.

எல்ஸ்பெத்


எடின்பரோ
8 பிப்ரவரி

அன்புள்ள அண்ணி,

பன்றி.

பாருங்கள், எழுதிவிட்டேன். இன்னொரு தடவையும் எழுதுகிறேன், பன்றி. கூரை இடிந்து விழவில்லை. கீழே தெருவில் பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கோபப்படாதீர்கள். உங்களைக் கேலி செய்ய எழுதவில்லை. நீங்கள் சாவியை மாட்டிவிட்டுப் போனதை இவான் சொன்னபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஆலையில் முதல் பீப்பாயைக் கழுவியவர் நீங்கள். தயவுசெய்து திரும்பி வாருங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். படம் வரையும் பெண் நான்கு பெயர்கள் கொண்டுவந்தாள். வடக்குக் காற்று, உப்புக்கல், பழைய துறை, கொழுத்த பன்றி. முதல் மூன்றும் யார் வேண்டுமானாலும் வைக்கும் பெயர். நகரத்துக் கடையில் போய்ப் பாருங்கள், நாற்பது பீரில் முப்பதில் நங்கூரமும் கலங்கரை விளக்கமும்தான். நாலாவது பெயரைக் கேட்டதும் அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கவைக்கும் டின்னைத்தான் கை எடுக்கும். உள்ளே இருப்பது அதே பீர். ஒரு மணி பார்லிகூட மாறவில்லை.

நம் ஊரில் முன்னூறு பேர். அதில் பாதிப் பேர் சபையில் சத்தியம் செய்துவிட்டுக் குடிப்பதே இல்லை. மீதிப் பேருக்காக ஆலையை நடத்த முடியுமா? பதினோரு குடும்பம் அதை நம்பி இருக்கிறது.

இன்னொன்று. ஃபின்லேயைக் கேட்டுப் பாருங்கள். போன சனிக்கிழமை பக்கத்து வளைகுடாவில், ஆளில்லாத பழைய துறையில் விளம்பரத்துக்குப் படம் எடுத்தோம். மஞ்சள் ரப்பர் கோட்டுப் போட்டுக்கொண்டு, நிஜமான பன்றிக்குட்டி ஒன்றைக் கையில் ஏந்தி நின்றான். அண்ணனின் உயரம், உங்கள் சிரிப்பு. அவன் கொஞ்சம்கூடப் பயப்படவில்லை அண்ணி. நம் வீட்டில் பயப்படாத பிள்ளை ஒன்று பிறந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உங்கள்
கேவின்


ஸ்கர்ஹேவன்
10 பிப்ரவரி, ஞாயிறு

கேவின்,

கேட்டேன்.

"ஆமாம்மா, புடிச்சேன். அதுவும் குழந்தைதான். கோட்டுக்குள்ள மூக்க விட்டுக்கிட்டு தூங்கிடுச்சு," என்றான்.

"எந்தக் கோட்டு?"

"இருக்கிற கோட்டுதான். எனக்கு என்ன பத்துக் கோட்டா இருக்கு?"

அந்தக் கோட்டின் முதுகில் 'நற்செய்தி' என்று எழுதியிருக்கிறது. ஜேம்ஸின் படகுப் பேர். அவர் தன் ஆட்கள் ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி வாங்கிக் கொடுத்தது. நீ படத்தைப் பார்த்தாயா இல்லையா? ஃபின்லே தன் ஃபோனில் காட்டினான். திரும்பி நின்று தோளுக்கு மேல் சிரிக்கிறான். முதுகில் பேர் பளிச்சென்று தெரிகிறது. தோளில் அதன் முகம்.

இன்னொருவர் படகின் மேல் கொண்டுபோய் அதை வைத்துவிட்டாய். அந்தப் படகில் ஐந்து வீட்டு ஆண்கள் போகிறார்கள்.

நான் அவனிடம் கெஞ்சினேன். அவன் என்ன சொல்கிறான் தெரியுமா? "அம்மா, அப்பா செத்தது எஞ்சின் அறையில தண்ணி ஏறினதால. விசாரிச்சவங்க குடுத்த காகிதத்த நீ படிக்கவே இல்லையா?" படித்தேன். விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். தண்ணீர் ஏறியது என்று போட்டிருந்தது. மற்ற நாளில் ஏறாத தண்ணீர் அன்றைக்கு ஏன் ஏறியது என்று போடவில்லை.

நாளைக் காலை அவன் படகு கடலில் இறங்குகிறது. அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போவான். அடுப்பில் போடலாம் என்று எடுத்தேன், பார்த்துவிட்டான். "எரிச்சா சட்டையோட போவேன்," என்றான். கடலில் இந்தக் குளிரில் சட்டையோடு.

எனக்கு ஒன்றை மட்டும் எழுது. அந்தப் படம் எப்போது வெளியே வரும்?

எல்ஸ்பெத்


எடின்பரோ
13 பிப்ரவரி

அன்புள்ள அண்ணி,

மார்ச் ஒன்றாம் தேதி. அதற்கு முன்னால் வராது, நான் பொறுப்பு. முதுகில் இருக்கும் எழுத்தை அழித்துவிடச் சொல்லியிருக்கிறேன். அதைக் கவனிக்காதது என் தப்பு. கொக்கி ஜேம்ஸுக்குத் தெரியப்போவதில்லை. அவர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, டிவியையே பிசாசுப் பெட்டி என்று சொல்கிற மனுஷர்.

உங்கள் முதல் கடிதத்தைப் படித்த பிறகு, ஃபின்லே கடலுக்குக் கிளம்புவதற்கு முந்தின இரவு அவனிடம் ஃபோனில் பேசினேன். கரைக்கு வந்துவிடு, ஆலையில் வேலை தருகிறேன், மாதா மாதம் சம்பளம், காலில் ஈரம் படாது என்றேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நம்ம வீட்ல கரைக்கு ஏறினவரு நீங்க ஒருத்தர் போதும் சித்தப்பா."

விளையாட்டாகத்தான் சொன்னான். அந்தப் பேச்சு மூன்று நாளாகக் காதை விட்டுப் போகவில்லை.

நான் ஆறு வருஷமாகப் படகில் கால் வைத்ததில்லை அண்ணி. துறைக்கு வந்தால்கூடச் சுவரோரமாகத்தான் நிற்பேன். ஏன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மார்ச் வரை பொறுங்கள். டின் வெளியே போகட்டும். ஒன்றும் ஆகாது என்று நீங்களே பார்ப்பீர்கள். ஒன்றும் ஆகாது.

கேவின்


ஸ்கர்ஹேவன்
22 பிப்ரவரி, வெள்ளி

கேவின்,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இரண்டு தாள் கிழித்தாயிற்று.

ஃபின்லே போன சனிக்கிழமை நல்லபடி திரும்பி வந்தான். மீன்பாடும் நன்றாக இருந்தது. அந்த ஐந்து நாளும் நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். காற்று ஜன்னலைத் தட்டினால் எழுந்து உட்கார்ந்தேன். ரொட்டியை வாயில் வைத்தால் மண் மாதிரி இருந்தது. இன்னொரு தடவை இப்படி இருக்க முடியாது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் ஜேம்ஸ் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி நெட்டா கதவைத் திறந்தாள்.

"உள்ள வா எல்ஸ்பெத். மீன் சூப் சூடா இருக்கு, ஒரு வாய் குடி."

"ஜேம்ஸ்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். துறை, கோட்டு, குட்டி, படம், எல்லாவற்றையும் சொன்னேன். ஜேம்ஸ் ஸ்பூனைக் கீழே வைத்தார். நெட்டா போய் அடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என் படகு பேரு அதுல தெரியுதா?"

"தெரியுது."

"நாலு நாள் என் படகுல அந்தக் கோட்டோட இருந்தானா?"

"அஞ்சு நாள்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றே? உம் புள்ளையாச்சே," என்றார்.

"அவன ஏத்திக்காதீங்க."

"பெத்தவ நீயே சொல்லிட்ட. இனிமே நான் எப்பிடி ஏத்திக்குவேன்?"

எனக்கு வேண்டியது அவ்வளவுதான் கேவின். அவன் கரையில் இருக்கட்டும், கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரியட்டும், பிறகு உன்னிடம் வேலைக்கு வருவான் என்று நினைத்தேன். ஜேம்ஸ் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அவன் துறைக்குப் போனபோது அவன் பையும் பூட்ஸும் சுவர் மேல் இருந்தன. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பலகையில் கால் வைக்கப் போனவனை ஜேம்ஸ் கை நீட்டித் தடுத்தார். அவனுக்குப் பின்னால் ஒரு வாளி உப்புத் தண்ணீரை ஊற்றி, அவன் நின்ற இடத்தைத் துடைப்பத்தால் தேய்த்தார்கள். அவனோடு பள்ளிக்கூடம் போன பையன்கள்தான் தேய்த்தது. மற்றப் படகுகள் எல்லாவற்றிலும் கேட்டிருக்கிறான். ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்தான். "யாரும்மா சொன்னது?" என்றான். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே இருந்தேன்.

"சரி," என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அவன் இல்லை. நெட்டாதான் வந்து சொன்னாள். பீட்டர்ஹெட் துறைமுகத்திலிருந்து கிளம்பும் ஒரு பெரிய படகில் ஆள் குறைந்ததாம். ஏறிவிட்டானாம். வடக்கே ஷெட்லாண்டு தீவுகளுக்கு மேற்கே, இரண்டு வாரம். புதன்கிழமை கடலில் இறங்கிவிட்டார்கள். படகில் இருப்பவர்கள் யார், எப்படிப்பட்டவர்கள், ஒன்றும் தெரியாது. கொக்கி ஜேம்ஸ் காற்று ஏறினால் வலையை வெட்டிவிட்டுக் கரைக்குத் திரும்பும் மனுஷர். முப்பது வருஷத்தில் ஒரு ஆளைக்கூட அவர் கடலுக்குப் பறிகொடுத்ததில்லை. பத்திரமான படகிலிருந்து என் பிள்ளையை நானே இறக்கி, எதுவென்றே தெரியாத படகில் ஏற்றிவிட்டேன்.

உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். திட்ட வரவில்லை. நீ வைத்தது பேர்தான். போய்ச் சொன்னது என் வாய்.

மேற்கே பெரிய காற்று வருகிறது என்று கடையில் பேசிக்கொள்கிறார்கள். நான் உள்ளே போனதும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

எல்ஸ்பெத்


எடின்பரோ
25 பிப்ரவரி, திங்கள்

அண்ணி,

ஃபோனை எடுங்கள். தயவுசெய்து எடுங்கள். எடுக்கமாட்டீர்கள் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

படத்தை நிறுத்திவிட்டேன். அது வெளியே வராது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரேடியோவில் கடல் வானிலை சொல்லும்போதெல்லாம் கேட்கிறேன். நாளைக்கும் புதன்கிழமையும் மேற்கே காற்று பத்தாம் எண் புயலாக இருக்கும் என்கிறார்கள். பத்து என்றால் என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படகுக்காரர்கள் சங்கத்தில் கேட்டேன். படகு இன்னும் கடலுக்குள்ளேதான் இருக்கிறதாம், திரும்பவில்லையாம்.

உங்கள் வாய் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை அண்ணி. வாய் என்னுடையது. ஆறு வருஷமாக உங்களிடம் சொல்லாததைச் சொல்கிறேன்.

விடிவெள்ளி கடைசியாக இறங்கிய காலையில் நான் துறையில் இருந்தேன். வீட்டில் தூங்கினேன் என்று எல்லாரிடமும் சொன்னது பொய். முந்தின வாரம்தான் படகு வேலையை விட்டுவிட்டேன், பீர் காய்ச்சப் போகிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன். அன்றைக்கு என் சாமான்களை எடுக்கப் போனேன். அண்ணன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கிண்டல் செய்தார்.

"என்னடா, அண்டாவக் கிண்டிக்கிட்டு அடுப்படியில உக்காரப் போறியா? ஒரு ஏப்ரன் வாங்கித் தரட்டுமா?"

படகிலிருந்த மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. படகு இரண்டு கை தூரம் நகர்ந்துவிட்டது. நான் கத்தினேன்.

"போய்த் தொலை, பன்னி."

சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார்கள். திரும்பியிருக்க வேண்டும். வழக்கம் அதுதான், யாராக இருந்தாலும் திரும்பியிருப்பார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சுக்கானைத் திருப்பாமல் போய்விட்டார். திரும்பினால் ஏன் திரும்பினாய் என்று ஊர் கேட்கும். கேட்டால் என் பேர் வரும். தம்பியை ஊர் ஏசக்கூடாது என்றுதான் அவர் போனார். நான் அப்படித்தான் நினைக்கிறேன். வேறு மாதிரி நினைக்க எனக்கு வழியில்லை.

நான் சொன்னதைக் கேட்டவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் இல்லை.

நான்கு பெயர்களில் அதை ஏன் எடுத்தேன் என்று இப்போது தெரிகிறதா? விற்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அது வெறும் சொல் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நாற்பதாயிரம் டின்னில் அச்சடித்து, ஊர் ஊராக அனுப்பி, எல்லாரும் வாய்விட்டுக் கேட்டு வாங்கி, ஒன்றுமே நடக்கவில்லை என்றால், அன்றைக்கும் அதனால் நடக்கவில்லை. அதற்காக ஃபின்லேயின் கையில் குட்டியைக் கொடுத்தேன். அண்ணனின் பிள்ளையை வைத்துப் பரிட்சை பார்த்திருக்கிறேன். எழுதும்போதுதான் இது எனக்கே தெரிகிறது.

இன்று வானிலை கேட்கும்போது கீழே பார்த்தேன். மேஜையின் இரும்புக் காலை என் கை இறுகப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தேன் என்று தெரியாது.

டின் எல்லாம் இன்னும் கிடங்கில்தான் இருக்கிறது. நசுக்கச் சொல்லிவிடுகிறேன். வேறு பேர் வைக்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் போதும். என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. அவன் வந்துவிட்டானா என்று மட்டும் எழுதுங்கள்.

கேவின்


ஸ்கர்ஹேவன்
3 மார்ச், ஞாயிறு

கேவின்,

ஃபின்லே உயிரோடு இருக்கிறான்.

வியாழக்கிழமை மத்தியானம் கூப்பிட்டான். அதற்கு முந்தின மூன்று நாளும் ஃபோனை மேஜை மேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். நீ கூப்பிடும்போதெல்லாம் உன் பேரைப் பார்த்து, சரி, இது அந்தச் செய்தி இல்லை என்று மூச்சு விட்டேன். அதனால்தான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ ஏதாவது சொல்லிவிடுவாய் என்று பயம்.

"அம்மா, நாந்தான். கரையில இருக்கேன்."

"எந்தக் கரை?"

"ஷெட்லாண்டுல, லெர்விக். சுக்கான் அறை கண்ணாடி உடைஞ்சு உள்ள தண்ணி வந்துருச்சு. ஒருத்தருக்குக் கை ஒடிஞ்சிருச்சு. எனக்கு ஒண்ணுமில்ல. நெத்தியில சின்ன வெட்டு."

"பயந்தியா?"

"பயந்தேன். எல்லாருந்தான் பயந்தாங்க. ஒருத்தன் இரும்பத் தொடப் போனான், கரண்ட் அடிக்குமோன்னு கைய இழுத்துக்கிட்டான்."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் அவன் சிரிப்பதைக் கேட்டேன்.

"வீட்டுக்கு வாடா."

"கண்ணாடி மாட்டிட்டு வர்ற வியாழக்கிழம மறுபடி எறங்குதும்மா. ஆளுங்க நல்லவங்க. நானும் போறேன்."

"போகாதடா."

"இவங்ககிட்டயும் வந்து சொல்லி எறக்கி விடப்போறியா?"

அவன் பின்னால் கடல்பறவை கத்துவது கேட்டது. "இல்லப்பா. சொல்லமாட்டேன்," என்றேன்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். படித்துவிட்டு இரண்டு நாள் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தேன். உன் மேல் கோபம் இல்லை என்று எழுதமாட்டேன். இருக்கிறது. அவருடைய கடைசிக் காலையில் நீ இருந்திருக்கிறாய், அவர் என்ன பேசினார் என்று ஆறு வருஷம் எனக்குச் சொல்லாமல் வைத்துக்கொண்டாய். ஏப்ரன் வாங்கித் தருகிறேன் என்று சொன்னாரா? அது அவர் பேச்சுதான். எழுத்தில் படித்தபோது அவர் குரலே கேட்டது. அதை எனக்கு அப்போதே கொடுத்திருக்கலாம்.

நானும் ஒன்றை வைத்திருந்தேன்.

அன்றைக்கு நான் துணி துவைத்தேன் கேவின். நான்கு நாளாக மழை, அன்றைக்குத்தான் விட்டது. அவருடைய நீலக் கம்பளிச் சட்டை டீசல் நாற்றம் அடித்தது. படகு இறங்கும் நாளில் புருஷன் துணியைத் துவைத்தால் ஆளையே கடலில் அலசி விடுவதாக அர்த்தம் என்று கல்யாணமான முதல் வாரமே உன் அம்மா சொல்லிவைத்தாள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். வெயிலைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான். கொடியில் போடும்போது படகு துறை வாயைத் தாண்டிக்கொண்டிருந்தது. சட்டை காற்றில் கையை ஆட்டியது. அவர் பார்த்திருப்பார். இதை யாரிடமும் சொன்னதில்லை, ஃபின்லேயிடம்கூட.

இப்போது நீ சொல். உன் சொல்லா, என் துணியா? அவர் போனது ஒரு தடவைதான். ஒருத்தரை இரண்டு பேர் தனித்தனியாகக் கொல்ல முடியுமா? நெட்டாவைக் கேட்டால் அவளும் அன்றைக்கு ஏதாவது செய்திருப்பாள். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி இப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ என்னவோ. விசாரித்தவர்கள் கொடுத்த காகிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். எஞ்சின் அறையில் ஒரு குழாய் அரித்துப்போயிருந்தது என்று போட்டிருக்கிறது. குழாய் என்று இருப்பதை நான் முன்பு கவனிக்கவே இல்லை.

டின்களை நசுக்காதே. நசுக்கினால், நீ சொன்ன சொல்தான் அவரைக் கொன்றது என்று நாம் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டதாகிவிடும். பிறகு என் துணியும்தான் கொன்றது. பிறகு ஃபின்லேக்கு எங்கே எது நடந்தாலும் அவன் ஏந்திய குட்டிதான் காரணம். அவன் அதோடு வாழவேண்டாம். வெளியூருக்கு அனுப்பு, விற்கட்டும்.

ஆனால் நம் ஊர்க் கடையில் வைக்காதே. ஆலை வாசலில் பெட்டிகளைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல். ஜேம்ஸ் வீட்டு ஆட்கள் அந்த வழியாகத்தான் தொழிலுக்குப் போகிறார்கள். நம் பயத்தை நாம் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அவர்கள் பயத்தில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை. ஜேம்ஸிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேள். நானும் வருகிறேன்.

நேற்று ஆலைக்குப் போனேன். இவான் மட்டும் இருந்தான். பெட்டியிலிருந்து ஒரு டின்னை எடுத்து அதன் முகத்தை நேராகப் பார்த்து, "பன்றி," என்றேன்.

இவான் தொட்டிக்காலை எட்டிப் பிடித்தான். "அக்கா, ஃபின்லே வியாழக்கிழம எறங்குறான். இப்பப் போய்..."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். இன்னொரு தடவயும் சொல்றேன் பாரு. பன்றி."

வெளியே வந்து சுவரோரம் வாந்தி எடுத்தேன். இவான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு அவன் கிளம்புகிறான். பத்து நாள் ஆகுமாம். அதற்குள் எதுவும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நான் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பகலில் நம்புகிறேன். இருட்டிய பிறகு நம்ப முடியவில்லை.

புதன்கிழமை பஸ்ஸில் வந்துவிடு. பத்து நாளும் இங்கே இரு. ஃபின்லேயின் அறையில் படுக்கை விரித்து வைத்திருக்கிறேன். என்னோடு பேச வேண்டும் என்று இல்லை. வீட்டில் இன்னொரு ஆள் நடமாடும் சத்தம் கேட்டால் போதும்.

உன் அண்ணி
எல்ஸ்பெத்